கைக்குழந்தைகளுக்கு அருகில் வேண்டாம்

காலையில் இஸ்திரி போடுவது கணவரின் வேலை. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு நேரம் பார்த்து அனுப்புவதற்கு அவருக்கு மிச்சமிருப்பது மனைவி ஒருத்திதான். ஏழரைக்குச் சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அவளுடைய நீலநிற ஆபீஸ் கோட்டைக் காலரிலிருந்து தேய்க்க ஆரம்பிப்பார். எட்டு இருபதுக்கு அவள் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

"இப்பவே நாலு நிமிஷம் லேட்டு," என்பார், தலையைத் தூக்காமலே.

"அதுக்குன்னு காப்பி குடிக்காமப் போகவா?"

"குடி. உக்காந்து குடிக்காத."

அவள் நின்றுகொண்டே குடித்துவிட்டு, சூடு ஆறாத கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். பஸ் வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகும் என்பது இருவருக்குமே தெரியும்.

அவள் வேலை பார்ப்பது விமான டிக்கெட் எடுத்துத் தரும் ஆபீஸில். மருந்துக்கடைக்கும் சாவி செய்து தருகிறவர் கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அறை. முன்னறையில் அவளும், விசாக் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற பெண்மணியும். பின்னறையில் முதலாளியும் அவருடைய முதுகுவலியும். இருபத்துமூன்று வருஷமாக, உள்ளே வருகிறவர் யாரானாலும் அவள் முதலில் கேட்பது "ஜன்னலா, நடைவழியா?" என்பதுதான். அதனால் ஜன்னலக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு தடவை முதலாளி அவளுடைய அடையாள அட்டையில் அதையே அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவளைத் தேடி வந்தது ஜன்னலுக்காக இல்லை. விமானத்தில் குழந்தைகளுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

அது அவளாகவே கண்டுபிடித்த வித்தை. கைக்குழந்தைத் தொட்டிலை மாட்டுகிற கொக்கிகள், விமானத்தின் நடுவே தடுப்புச் சுவர் இருக்கிற வரிசைகளில்தான் இருக்கும். எந்த ரக விமானத்தில் எத்தனையாவது வரிசைக்கு முன்னால் சுவர் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த வரிசையில் ஓர் இடம் ரொம்ப முன்கூட்டியே அடைபட்டிருந்தால், அங்கே ஒரு தொட்டில் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து முன்பக்கம் மூன்று வரிசை, பின்பக்கம் ஆறு வரிசை தள்ளி இடம் போட வேண்டும். அழுகை பின்னால்தான் அதிகம் போகும் என்பது அவள் கணிப்பு. அவசரக் கதவு இருக்கிற வரிசையில் குழந்தைகளை உட்கார வைக்கவே விடமாட்டார்கள். அது கிடைத்தால் யோகம்.

மாதம் ஒரு தடவை பறக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் அருமையான ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். திரும்பி வந்து மேஜையில் கையூன்றிக்கொண்டு நின்றார்.

"அக்கா, குழந்தையே இல்ல. ரொம்ப சந்தோஷம். ஆனா பக்கத்துல அம்பது வயசு ஆள். பறக்கறதுன்னா பயமாம். ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. குழந்தையா இருந்தா ஒரு மிட்டாயக் குடுத்து ஏமாத்தியிருப்பேன்."

இப்படிக் கேட்கிறவர்கள்மேல் அவளுக்கு உள்ளூர ஓர் இளக்காரம் உண்டு. எல்லாரும் ஒரு காலத்தில் வீறிட்டு அழுதவர்கள்தானே என்று விசாப் பெண்மணியிடம் முணுமுணுப்பாள். ஆனாலும் வாடிக்கையாளர் கேட்டால் கேட்டதுதான். ஆபீஸுக்குக் கணினிப் படிவம் வந்தபோது, கடைசியில் ஒரு கட்டத்தை அவளே சொல்லிச் சேர்க்க வைத்தாள். "குழந்தைத் தொல்லை வேண்டாம்" என்று போடச் சொன்னார் முதலாளி. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "கைக்குழந்தைகளுக்கு அருகில் வேண்டாம்" என்று மரியாதையாக எழுத வைத்தாள். அதில் ஒரு டிக் போட்டால் போதும். மிச்சத்தை ஜன்னலக்கா பார்த்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்திருந்த படிவங்களில் மூன்றாவது அவளுடைய மகளுடையது.

மகள் இருப்பது பதினொரு மணி நேரம் பறந்து போக வேண்டிய தூரத்தில். மாப்பிள்ளைக்குப் பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வெளியூர். பேரன் பிறந்தபோது இவள் போய் இருபது நாள் இருந்துவிட்டு வந்தாள். அதற்குமேல் முதலாளியின் முதுகு தாங்கவில்லை. இப்போது அவனுக்கு ஏழு மாதம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுவார்கள். மகள் முகம் திரையில் வந்ததும் இவள் சொல்வது ஒன்றுதான்: "போன அவன் பக்கம் திருப்புடி." மகள் திருப்புவாள். அப்புறம் அரைமணி நேரம் தாத்தாவும் பாட்டியும் திரைக்கு முன்னால் செய்கிற சேட்டைகளை வெளியில் சொன்னால் மானம் போய்விடும்.

ஒரு மாதம் தங்குவதாக வருகிறார்கள். டிக்கெட்டை அம்மாதான் போடப்போகிறாள் என்றாலும் மகள் முறைப்படி ஆபீஸ் படிவத்தையே நிரப்பி அனுப்பியிருந்தாள். இரண்டு பெரியவர்கள், ஒரு கைக்குழந்தை. குழந்தை யார் பொறுப்பில் என்ற இடத்தில் தன் கணவன் பெயரை எழுதியிருந்தாள். தன் பெயருக்கு நேரே, கடைசிக் கட்டத்தில், டிக். கைக்குழந்தைகளுக்கு அருகில் வேண்டாம். அதற்குக் கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில்: "எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு."

இவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இங்க பாரேன், எம்பொண்ணு அடிக்கிற கூத்த!"

விசாப் பெண்மணி நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தாள். "அக்கா, உங்க வித்தைய உங்ககிட்டயே காட்டுறா."

முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். "பெத்தவளே பக்கத்துல உக்கார மாட்டேன்னா, அந்தப் புள்ளைய யாரு வச்சுக்கறதாம்? நானா?"

"உங்க முதுகுக்கு அது வேறயா?" என்றாள் விசாப் பெண்மணி. மூவரும் இன்னொரு தரம் சிரித்தார்கள்.

மகள் சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு. அம்மாவின் வேலையைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஒரு போன் போட்டு "என்னடி இது?" என்று கேட்டிருந்தால் போதும். எதிரே இரண்டு பேர் பாஸ்போர்ட்டோடு காத்திருந்தார்கள். ஒரு தரம் கை போனுக்குப் போனது. அப்புறம் விசைப்பலகைக்குத் திரும்பிவிட்டது.

தப்பாக நிரப்பின படிவத்தைச் சரி செய்வது அவள் வேலையில் பாதி. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சொந்தப் பெயர், பிறந்த வருஷத்தில் இந்த வருஷம், மனைவிக்கு நேரே ஆண் என்று டிக். யாரையும் தொந்தரவு செய்யாமல் அவளே திருத்திவிடுவாள். அதற்குக் கைராசிக்காரி என்று பெயர். மகளின் படிவத்தையும் அப்படித்தான் திருத்தினாள். டிக்கை எடுத்தாள். குழந்தையை மாப்பிள்ளை டிக்கெட்டிலிருந்து மகள் டிக்கெட்டுக்கு மாற்றினாள். விமானக் கம்பெனியின் தொலைபேசியில் நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்து, சுவர் வரிசையில் தொட்டிலோடு ஓர் இடம் வாங்கினாள். பக்கத்து இடங்கள் போய்விட்டிருந்தன. அதுவும் நல்லதுதான் என்று பட்டது. மாப்பிள்ளை ஆறடிக்குமேல், ஓடி ஓடி வேலை பார்க்கிற பிள்ளை. பன்னிரண்டு வரிசை முன்னால், அவசரக் கதவுப் பக்கம், கால் நீட்டித் தூங்கட்டும் என்று அவருக்கு இடம் போட்டாள். அன்றைக்குச் செய்த டிக்கெட்டுகளிலேயே அதுதான் கச்சிதம் என்று தோன்றியது.

விமானம் பகல் பன்னிரண்டு ஐந்துக்கு இறங்கியது. கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். "பெட்டி வர இருபது. வெளியில வர பதினஞ்சு. பன்னெண்டு நாப்பதுக்கு பேரன் என் கையில."

ஒன்று இருபதாகியும் வரவில்லை. அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய், அடுத்த விமானத்துக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கணவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்று ஐம்பதுக்கு மாப்பிள்ளை வெளியே வந்தார். மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பெட்டிகள் ஏற்றின தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு. இவள் அவருக்குப் பின்னால் மகளைத் தேடினாள். பத்தடி தள்ளி, முழங்கால் வரைக்கும் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு பைகூட இல்லாமல் யாரோ ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். இவள் அந்தப் பெண்ணைத் தாண்டி, கதவைப் பார்த்தாள்.

"எங்கங்க அவ? உள்ளயே நின்னுட்டாளா?"

"அதான் வராளே," என்றார் கணவர். "அதுதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பெண்ணை அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, முடி பாதியாகி, வேறு ஆளாக இருந்தாள். ஏழு மாதமாகத் திரையில் பேரனின் பல் இல்லாத வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்போது நடந்தது என்றே தெரியவில்லை.

பேரன் ஜம்மென்று இருந்தான். கை மாறியதும் பாட்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டான். திகைப்பை மறைக்க எதையாவது பேச வேண்டியிருந்தது.

"எடம் வசதியா இருந்துச்சாடி? முன்னாடி சுவரு, இடிக்க ஆளே இல்ல. நாப்பது நிமிஷம் போன்ல நின்னு வாங்கினேன்."

மாப்பிள்ளை சட்டென்று பெட்டிகளை அடுக்குகிற பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல எடம்மா," என்றாள்.

டாக்ஸி வந்ததும் ஒருவரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் மூன்று பேரும் குழந்தையும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். வீடு வரும்வரை அவள் திரும்பவில்லை. நடுவில் குழந்தை ஒரு தரம் சிணுங்கியபோது, கையை எடுத்து இடது காதின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அசதி," என்றார் கணவர் மெதுவாக. "பதினோரு மணி நேரம் சும்மாவா?"

வீட்டுக்கு வந்து, மகள் தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாத்தா முன்னறையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினார். இவள் பால் புட்டிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாத பிள்ளை. வந்தால் உட்காருவார், கொடுத்ததைச் சாப்பிடுவார், நன்றாயிருக்கிறது என்பார். அவ்வளவுதான்.

"அத்தை, கதவச் சாத்திக்கலாமா?"

வேலை போய்விட்டதோ என்றுதான் அவளுக்கு முதலில் ஓடியது.

"அவ குழந்தைய விட்டுட்டுப் போயிட்டா, அத்தை. ஃபிளைட்ல."

"பாத்ரூமுக்குப் போயிருப்பா. அதுக்கென்னப்பா?"

"இல்ல அத்தை. விட்டுட்டுப் போயிட்டா."

கையிலிருந்த புட்டியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். விமானம் கிளம்பி மூன்று மணி நேரத்தில் குழந்தை தூங்கியிருக்கிறான். தொட்டிலில் போட்டு, மேலே வலையை மாட்டி, வார் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். அப்புறம் எழுந்து பின்பக்கமாக நடந்து போனவள் திரும்பவில்லை. அரைமணியில் குழந்தை விழித்துக்கொண்டான். பெரியவர் தொட்டிலை ஆட்டிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. பணிப்பெண்கள் வந்தார்கள். கழிவறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள்.

"அவ பேரச் சொல்லி ஒலிபெருக்கில கூப்பிட்டிருக்காங்க, அத்தை. மூணு தடவ. நான் காதுல பஞ்ச வச்சுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தேன். அவ்வளவு வசதியான எடம்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்குச் சுருக்கென்றது.

"எங்கதான் இருந்தா?"

"கடைசி வரிசை. ஜன்னலோரமா ஒரு எடம் காலியா இருந்திருக்கு. கழுத்து வரைக்கும் போர்வை. தூங்கல, கண்ணத் தொறந்துக்கிட்டுதான் இருந்திருக்கா. பேரு கூப்பிட்டது எல்லாம் கேட்டிருக்கு." அவர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். "ஒரு பணிப்பொண்ணு இவனத் தூக்கிட்டுப் போயி முன்னாடி நின்னு, இது உங்க குழந்தையான்னு கேட்டிருக்கா. இவன் அம்மாவப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டியிருக்கான். அவ பாத்துட்டு, இல்லைன்னுட்டா."

"என்ன?"

"இல்ல, என்னோடது இல்லைன்னு சொல்லிட்டா, அத்தை."

சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. என் பெண் அப்படிச் சொல்ல மாட்டாள் என்று வாயெடுத்தாள். அந்தக் கழுத்தெலும்பு கண்ணில் வந்து நின்றது.

பட்டியலைப் பார்த்து, பெயரைப் பார்த்து, மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மிச்ச நேரம் முழுக்க அவர் சுவர் வரிசையில் குழந்தையோடு. அவள் கடைசி வரிசையிலேயே. இறங்கியதும் ஓர் அறையில் உட்கார வைத்து ஒரு டாக்டரும் ஓர் அதிகாரியும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உடனே நல்ல மருத்துவரிடம் காட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்களாம்.

"இதுக்கு முன்னாடி இப்பிடி ஏதாவது...?"

"குழந்த அழுவான். அவ பால்கனிக் கதவச் சாத்திட்டு வெளிய நிப்பா. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன். நானும் பாதி நாள் ஊர்ல இல்ல." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டிக்கெட் போடறப்ப கேட்டேன், 'உனக்கு இப்பிடி முடியாம இருக்கறத அம்மாகிட்ட சொன்னியா'ன்னு. 'சொல்லிட்டேன், அம்மா பாத்துப்பா'ன்னு சொன்னா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் நல்லா இருந்தா, அத்தை. சாப்பிட்டா. ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ கையில வாங்கினதும், 'இத யாரு மாத்தினது?'ன்னு கேட்டா. 'உங்கம்மா நல்லதாதான் போட்டிருப்பாங்க'ன்னேன். அப்புறம் ஒரு வார்த்த பேசல." நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட சொன்னாளா?"

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை, மூன்றாவது படிவம், விசாப் பெண்மணி நாற்காலியோடு உருண்டு வந்தது, முதலாளி கேட்ட கேள்வி.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலப்பா," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு போனார். பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளே அயர்ந்து போனாள். அப்புறம் ஆபீஸுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு, பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கிற மனநல மருத்துவர் யாராவது உண்டா என்று கேட்டாள். "யாருக்குக்கா?" என்றார் அவர். "எம்பொண்ணுக்குத்தான்," என்றாள். அதையாவது மறைக்கவில்லை. மறுநாள் பத்தரைக்கு நேரம் கிடைத்தது.

காப்பியோடு அறைக்குள் போனபோது மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இவள் காப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"தூங்கலயா?"

"வரல."

"மாப்பிள்ள சொன்னாரு."

"சொல்லுவாரு." மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "ஃபார்ம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்டி. நீ விளையாட்டுக்குப் போட்டிருக்கேன்னு..."

"எத்தனையோ பேரு அதே கட்டத்துல டிக் போடறாங்க. அவங்கள்ல யாரையாவது விளையாட்டுன்னு நெனச்சிருக்கியா?"

"நீ பெத்தவடி!"

"அதனாலதான் எழுதிக் கேட்டேன். மத்தவங்கன்னா வாயாலயே கேக்கலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது, ஏதோ ஒரு வழியாக முடிந்திருக்கும்.

"போன்ல சொல்லியிருக்கலாமே. வாராவாரம் பேசறோமே."

"வாராவாரம் நான் வாயத் தொறக்கறதுக்குள்ள போன அவன் பக்கம் திருப்பச் சொல்லுவ. நானும் திருப்பிடுவேன்." மகள் லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. "நான் பேசறத நீ கேக்க மாட்ட. ஆனா ஃபார்ம்னா ஒரு எழுத்து விடாமப் படிப்ப. பத்து நாள் யோசிச்சுதான் அதுல போட்டேன்."

இவள் கட்டிலில் உட்காரப் போனாள். மகள் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள். உட்கார இடம் விட்டாளா, விலகிக்கொண்டாளா என்று இவளுக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"அவன் என்ன பண்ணினான் உன்ன? அவ்வளவு வெறுப்பா?"

"வெறுப்பு யாரு சொன்னா?" மகள் முதன்முறையாக நிமிர்ந்தாள். "பயமா இருக்கும்மா. தூக்கினா, கீழ போட்டுடுவேனோன்னு. போடணும்னு எனக்கு இல்ல. ஆனா மாடிப்படில நிக்கறப்ப, பால்கனில நிக்கறப்ப, கை தானா அத நெனைக்குது. அதான் அவன உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்திட்டு நான் வெளிய நிப்பேன். பக்கத்துல நான் இல்லாம இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. பதினோரு மணி நேரம் அவர் பாத்துக்கட்டும், நான் தூரமா இருக்கேன்னுதான் எழுதினேன். நீ அவனக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா மாட்டி வச்ச."

அந்தத் தொட்டில், வார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது எல்லாம் இப்போதுதான் புரிந்தது. இருபது நாள் கூட இருந்தபோது, குளிப்பாட்டியதும், தூக்கியதும், தூங்க வைத்ததும் எல்லாம் தான்தான் என்பதும், மகள் ஓரமாக நின்று துண்டை நீட்டிக்கொண்டே இருந்தாள் என்பதும் ஞாபகம் வந்தது. துண்டைக் கையில் வாங்கும்போது "பொறுமையான பொண்ணு" என்று நினைத்துக்கொண்டதும்கூட.

"இல்லைன்னு சொன்னியாமே," என்றாள். கேட்டிருக்க வேண்டாம். வந்துவிட்டது.

"ஆமான்னு சொல்லியிருந்தா என் கையில குடுத்திருப்பா."

முன்னறையில் தாத்தா ஏதோ ஒரு நிறுத்தத்தின் பெயரைக் கத்த, குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தான். மகளின் தோள் இறுகியது.

"நாளைக்குப் பத்தரைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்," என்றாள் இவள். "இந்த மாதிரி இருக்கறவங்களப் பாக்கற டாக்டர்தான்."

மகள் மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்று நினைத்து, அடுத்து என்ன சொல்வது என்று இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"சரிம்மா," என்றாள் மகள் உடனே. எவ்வளவு நாளாகக் காத்திருந்தாள் என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது.

"எட்டரைக்கே கெளம்பிடலாம். பஸ் வேண்டாம், டாக்ஸி சொல்லிடறேன். அப்பா குழந்தையப் பாத்துக்கட்டும். நான் லீவு சொல்லிட்டு உன்கூட..."

"நீ வா. ஆனா டாக்டர் ரூமுக்குள்ள வராத."

"ஏன்டி?"

"நீ வந்தா, நான் சொல்றத நீ திருத்திச் சொல்லுவ."

படிவத்தில் தப்பாக விழுந்த எத்தனை எத்தனை எழுத்துகள் இந்தக் கையால் சரியாகியிருக்கின்றன. ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

"திருத்த மாட்டேன்," என்றாள். "வாயே தொறக்க மாட்டேன். சும்மா உன் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன். உக்காரட்டுமா?"

மகள் எழுந்தாள். கோட்டை ஒரு கை, ஒரு கையாகக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். "வெளிய உக்காரும்மா," என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.